கயிறு சார்த்திய பக்கம்

போன வைகாசியில் தலத்தெருவில் என் தங்கை வீட்டில் கயிறு சார்த்திப் பார்த்தார்கள். பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். பதிகப் புத்தகத்தை மூடி வைத்துச் சாமி கும்பிட்டு, தாள்களுக்கு நடுவே ஒரு நூலை நுழைப்பார்கள். நூல் விழுந்த பக்கத்தில் முதலில் கண்ணில் படும் பாட்டுதான் உத்தரவு. மேல்முறையீடு கிடையாது.

கேள்வி, தங்கை மகளின் கல்யாணம். மாப்பிள்ளை போலகத்துக்காரர், அவளோடு ஒரே பள்ளியில் ஆசிரியர், அவளே தேர்ந்தெடுத்தவர். சாதியும் ஒன்றாகவே போய்விட்டதால் தங்கைக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பொறுப்பைச் சாமியிடம் தள்ளினாள். வருவாய்த்துறையில் முப்பது ஆண்டு இருந்தவன் நான். முடிவெடுக்கப் பயந்தவர்கள் கோப்பை மேலே அனுப்புவது எனக்குப் புதிதல்ல. சாட்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள்.

நூல் விழுந்த பாட்டில் பாடியவர் அழுதுகொண்டிருந்தார். உடம்பு வேகிறது, நீயும் கைவிட்டால் எங்கே போவேன் என்று நாலு அடி.

“பாத்தீங்களாண்ணே? சாமியே வேணாங்குது” என்றாள் தங்கை. குரலில் துக்கத்தைவிட நிம்மதி அதிகம். அடுக்களை வாசலில் நின்ற மகளின் முகம் வெளுத்துவிட்டது. அறிவியல் பாடம் எடுப்பவள். ஆனாலும் கயிற்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புத்தகத்தக் குடு” என்றேன். ஒரே தாளைப் படித்துவிட்டுக் குறிப்பு எழுதி வந்த எழுத்தர்களை நான் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். பார்த்தால், அது பத்துப் பாட்டுப் பதிகத்தின் இரண்டாம் பாட்டு. முழுவதையும் உரக்கப் படித்தேன். ஆறாவதில் கோபித்துக்கொள்கிறார், எட்டாவதில் நோவு தணிகிறது, கடைசியில் நன்றி சொல்லி, இதைப் பாடுகிறவர்களுக்கும் துயரில்லை என்று முடிக்கிறார்.

தங்கை கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நல்ல சகுனந்தானே மச்சான்?”

ஆமாம் என்றிருந்தால் அடுத்த நிமிடம் காப்பி வந்திருக்கும். பெண் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் ஒரு பாட்டைக் காட்டி மறுப்பது தவறென்றால், பத்துப் பாட்டைக் காட்டி அனுமதிப்பதும் அதே தவறுதான்.

“பாடுனவருக்கு ஒடம்பு சரியில்ல. சாமிகிட்ட அழுதாரு, சரியாப் போச்சு. போலகத்துப் பையனப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?”

“ஏன் மாமா” என்று வெடித்தாள் பெண். “ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்க பென்சன நிறுத்திடுவாங்களா?”

நியாயமான கேள்வி.

தங்கை புத்தகத்தை வெடுக்கென்று வாங்கிப் பூசை அலமாரியில் வைத்தாள். பிறகு மகளைப் பார்க்காமலே, இத்தனை மாதம் கேட்காததைக் கேட்டாள்.

“அவங்கப்பா குடிச்சே செத்தாராமே. இவரு எப்புடி?”

வெளியூர்க்காரர்கள் சனீஸ்வரன் கோயிலுக்கு அடுத்தபடியாக வரி குறைந்த சாராயத்துக்காகவே வந்து போகும் ஊர் எங்களுடையது. இங்கே பெண்ணைப் பெற்றவளுக்கு இதைவிட நியாயமான பயம் இருக்க முடியாது.

“தொட மாட்டாரும்மா. அவங்கம்மா பட்டதையெல்லாம் பாத்து வளந்தவரு.”

“நீ சொல்லுவ.”

“அப்ப நீயே கேளு” என்று கைப்பேசியை நீட்டினாள்.

தங்கை அதை வாங்கவில்லை. “போன்ல எதுக்கு? மொகத்தப் பாத்துக் கேக்கணும். ஞாயித்துக்கெழம அவங்கம்மாவயும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு.”