அவர்கள் வீட்டு கிரைண்டரும் எங்கள் வீட்டு பல்பும்

மாலையில் வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தலைக்கு மேல் தொங்கிய குண்டு பல்பு திடீரென்று சோர்ந்துபோய், பழுத்த பப்பாளியின் நிறத்துக்கு இறங்கி நிற்கும். அதே கணத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘கடகட’வென்று கல் சுற்றும் சத்தம் எழும். சரோஜா அத்தை வீட்டு கிரைண்டர் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மங்கல் வெளிச்சத்தில் கன்னடப் பாடத்தை முறைத்துக்கொண்டு நான் பட்ட பொறாமை வயிற்றில் எந்த இடத்தில் எரிந்தது என்று இன்றைக்கும் கைவைத்துக் காட்டுவேன்.

தொண்ணூறுகளில் மைசூரில், நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் இருந்தோம். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அந்த வரிசை முழுவதும். தசரா வந்தால் அரண்மனை முழுக்க விளக்குகள் எரியும். எங்களுக்கோ வீட்டுக்கு ஒரு பல்பு, அதுவும் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொண்ட ஒயரில். அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போனார், அம்மா ஆட்டுக்கல்லில் மாவரைத்து விற்றாள். பக்கத்து வீட்டு சரோஜா அத்தையும் அதே மாவைத்தான் விற்றாள். அவளுடைய மகள் மஞ்சு என் வகுப்பு. காலையில் மாவு வாங்க ‘தூக்குப்போசி’ என்கிற தூக்குப் பாத்திரத்தோடு வருகிறவர்கள் எந்த வாசலில் நிற்கிறார்கள் என்று நானும் மஞ்சுவும் பல் துலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்போம்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் கிரைண்டர் ஆசை இருந்தது. பேங்க் வாசலை மிதிக்கவே எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். பங்குப் பணம் கட்டிச் சேர்ந்தால் கடன் கொடுக்கும் கூட்டுறவு சொசைட்டி ஒன்று அடுத்த தெருவில் இருந்தது. அடகு வைக்க எதுவும் வேண்டாம். சொசைட்டியில் இருக்கிற இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும். சரோஜா அத்தை எங்களுக்கு முன்பே சேர்ந்தவள், அதனால் அவள் முறைதான் முதலில் வந்தது. முதல் ஜாமீனுக்குப் பால்காரர் ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு, ஒரு முழம் மல்லிகையோடு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

“இன்னிக்கு நா போட்டா நாளைக்கு அவ போடுவா. இதுல என்ன யோசன?” என்றாள் அப்பாவிடம்.

யோசனை இருந்தது. அடுத்த மாதமே தனக்கும் கடன் கேட்கப் போனவளிடம் சொசைட்டி செக்ரட்டரி கன்னடத்தில், “மொதலு அவர சால அர்தா தீர்லி, அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவருக்கு ஜாமீன் நின்றவருக்கு, அந்தக் கடன் பாதியாவது தீர்ந்த பிறகுதான் தன் பெயரில் கடன். கையெழுத்துப் போடும்போது அம்மா அதைக் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஆக, எங்கள் கையெழுத்தில் அவர்கள் வீட்டுக்கு கிரைண்டர் வந்தது, எங்களுக்கு மங்கின பல்பு வந்தது.

அந்த கிரைண்டர் ஆட்டோவில் வந்து இறங்கிய அழகை என்னவென்று சொல்வது! குங்குமப் பொட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. சுவிட்சைப் போடும் உரிமையை மஞ்சு வாங்கிக்கொண்டாள். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்குப் புதுச் செருப்பு வந்தது, பிறகு ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. அந்தக் கல் விரிசல் விடட்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அம்மாவோ, சாமுண்டி மலைக்குப் போனபோது, கண்ணை மூடிக்கொண்டு சரோஜா அத்தையின் வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் குங்குமம்கூட இட்டுக்கொள்ளவில்லை.

“அவ ‘கந்து’ நின்னு போச்சுன்னா நம்ம வாசல்லதான் கண்ணு வந்து நிப்பாங்க,” என்றாள் அம்மா. மாதாமாதம் கட்டும் தவணைக்கு மைசூரில் எல்லோரும் சொல்வது கந்து.

அந்த மழைக்காலத்தில் அதுவும் நடந்தது. சரோஜா அத்தையின் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார், வந்த காசெல்லாம் மருந்துக்குப் போயிற்று, கந்து நின்றது. சொசைட்டி ஆள் குடையை மடக்கிக்கொண்டு முதலில் அவர்கள் வாசலிலும், பிறகு எங்கள் வாசலிலும் வந்து நின்றார். அன்றிலிருந்து அம்மா ஒரு காரியம் செய்தாள். போசியோடு வந்தவர்களிடம், “இன்னிக்கு மாவு தீந்து போச்சுங்க, சரோஜாக்கா வூட்டுல நல்லா நைசா இருக்குது, அங்க வாங்கிக்குங்க” என்று கைகாட்டி அனுப்பினாள். உள்ளே அண்டா நிறைய மாவு தட்டுப் போட்டு மூடியிருக்கும். விற்காத மாவை என்ன செய்வது? நாங்கள்தான் தின்றோம். தோசை, மறுநாள் புளித்த தோசை, அதற்கும் மறுநாள் வாயில் வைக்க முடியாத தோசை. “உங்கம்மா ஊருக்கே படியளக்கறா, நம்ம தட்டுலதான் புளிப்பு,” என்பார் அப்பா. அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்காரர் எழுந்து நடமாடினார், கந்து மறுபடி ஓடியது, ஒருவழியாகக் கடன் பாதி தீர்ந்தது. அம்மாவின் முறை வந்தது. பால்காரர் உடனே சரியென்றார். சரோஜா அத்தை மட்டும் நாளைக்கு என்றாள், வெள்ளிக்கிழமை என்றாள், தலைவலி என்றாள். ஒரே வரிசையில் இன்னொரு கிரைண்டர் வந்தால் அவள் வியாபாரம் பாதியாகும் என்று எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா? வரமாட்டாள் என்று நான் அடித்துச் சொன்னேன். அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழவி பிடித்த கை அன்றைக்கு அடிக்கடி நின்றது.

ஒரு காலையில் அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் பூ இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை.

“எங்கிட்ட மாவு வாங்க ஆளு அனுப்பிப்போட்டு உம்புள்ளைக்குப் புளிச்ச தோசையக் கட்டிக் குடுத்தியாமா. மஞ்சு சொன்னா, டிபன் டப்பா தொறந்தாலே வாசன வருதுன்னு. வா, கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு புள்ள, எனக்கு வயிறு எரியுது. அதையும் சொல்லிப்போடறேன்.”

“எரியட்டுங்கக்கா. எனக்கு இத்தன நாளா எரியலயா?” என்றாள் அம்மா. தன் பொறாமையைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறக்காதவள் அதைச் சொன்னதும் நான் வாயைப் பிளந்தேன். இரண்டு பேரும் ஒரே குடையில் சொசைட்டிக்குப் போனார்கள்.

எங்கள் கிரைண்டரும் சாமந்தி மாலையோடு வந்தது. மாலைவரை காத்திருந்து, இருட்டியதும் நான்தான் சுவிட்சைப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து பார்த்தேன். அவர்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் சோர்ந்து பப்பாளி நிறத்துக்கு இறங்கியது. மஞ்சு புத்தகத்தோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஈடாக ஒரு பரிசும் நான் அதன்பிறகு வாங்கியதில்லை.

இப்போது அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, மாவு பாக்கெட்டில் வருகிறது. நான் மைசூரிலேயே ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கான கடன் கைபேசியிலேயே வந்துவிட்டது. யாரும் பூவோடு போய் யாரிடமும் கேட்கவில்லை. எதிரில் இன்னொருத்தி என்னுடையதைவிடப் பெரிய கடை போட்டிருக்கிறாள். சாயங்காலம் அங்கே எல்லா மெஷினும் ஓடினாலும் என் கடை விளக்கு கொஞ்சமும் மங்குவதில்லை. பொறாமைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, அதே இடத்தில்தான் எரிகிறது. ஆனால் அவள் பெயர் எனக்குத் தெரியாது, அவளுக்காக நான் ஒரு நாளும் புளித்த தோசை தின்றதில்லை.