ஓடுபாதையில் இடமில்லை என்றேன்

புயலன்று மேட்டில் ஒதுங்க வந்த ஒரு கணவனையும் மனைவியையும் நான் திருப்பி அனுப்பினேன். மனைவி செத்துப்போனாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மேடு என்பது எங்கள் தீவின் விமான ஓடுபாதை. பழவேற்காடு ஏரியில் எங்கள் பக்கம் அதைவிட உயரமான தரை கிடையாது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. அடியில் கொட்டியது ஒல்லாந்தர் கோட்டைச் செங்கல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விமானங்கள் வருவது நின்றதும், அந்தச் சிமெண்டுத் தரையில் எங்கள் பெண்கள் நெத்திலி காயவைத்தார்கள். "நம்ம ஏர்போர்ட்டுல காக்கா மட்டுந்தான் எறங்குது" என்று கேலி பேசுவோம்.

பிறகு இடத்துக்குச் சண்டை வந்தது. ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்; அதற்குப் பாடு என்று பெயர். ஓடுபாதையையும் அப்படியே பாடு பிரித்தோம். கல்லூரியில் படித்தவன் என்பதால் ஊர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்களுக்கு ஏரியில் பாடு கிடையாது. ஓடுபாதையிலும் நான் கொடுக்கவில்லை.

புயலன்று மதியமே தண்ணீர் ஏறியது. ஊரே ஓடுபாதைக்கு வந்து அவரவர் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தது. அந்த மழையிலும் ஒருவரும் அடுத்தவர் எல்லையைத் தாண்டவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் இறால் பிடிப்பவன் ஒருவன், காய்ச்சலில் கிடந்த மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான்.

"ஓரமா குந்திக்கறோம் சாமி."

"யார் எடத்துல குந்துவ? உனக்குத்தான் இங்க பாடு இல்லியே."

"மீன் காயவைக்கவா வந்தோம்? தண்ணி வருது சாமி."

பக்கத்து இடத்துக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு குந்த வுட்டா நாளைக்கு கூடையோட வந்து நிப்பான், நைனா."

என் பாயில் பாதி காலியாக இருந்தது. "கோயில் மேட்டுல போய்ப் பாரு" என்றேன். இறங்கிப் போனார்கள்.

கோயில் மேடும் மூழ்கியது. மறுநாள் அவனை மட்டும் ஒரு கருவேல மரத்திலிருந்து உயிரோடு இறக்கினார்கள். அவள் உடல் ஆரம்பாக்கம் பக்கம் கரை ஒதுங்கியது. ஓடுபாதையில் ஹெலிகாப்டர் இறங்கி எங்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தது. நானும் வாங்கித் தின்றேன்.

பல வருடம் வாய் திறக்கவில்லை. வயதான பிறகுதான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். என் இடத்தை அவனுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"பாடு இன்னா உன் சொத்தா, தானம் பண்ண?" என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில், புயல் நாளில் ஓடுபாதையில் பாடு செல்லாது, யாரும் ஏறலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

அதைச் சொல்ல அவனைத் தேடிப் போனேன். ஏரியில் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தான்.

"நல்லது சாமி. நாங்க இப்பல்லாம் காத்து மாறுனாலே அக்கரைக்குப் போயிடறோம்."

"என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு சாமி. தண்ணி கலங்குது."

இன்றும் அங்கே கருவாடு காய்கிறது. வெள்ளம் வந்தால் ஹெலிகாப்டர் இறங்குகிறது. போன புயலுக்கு என் இடம் முழுவதையும் காலியாக விட்டு, நான் ஓரத்தில் நின்றேன். இறால் பிடிக்கும் குடும்பங்களிலிருந்து ஒருவரும் ஏறி வரவில்லை.