மருதாணியில் கலந்த பாக்கெட்

அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் அவருக்கு வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில்தான் எருமப்பட்டிப் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். அந்த வருடம் வந்தவர் சரியாகத் தூங்கவில்லை. வயதானவர்களைக் கழித்துவிட்டு இளவட்டங்களை எடுக்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தாராம். ஆள் பொறுக்க அடுத்த வியாழக்கிழமை அவரே ஊருக்கு வருகிறார்.

அப்பா கடைக்குப் போய்க் கருப்புச் சாயப் பொடி ஒரு பாக்கெட் வாங்கிவந்தார். அம்மா அதைப் பார்த்ததும் பயந்தாள். முந்தின தடவை போட்டபோது இரண்டு காதும் தடித்து நாலு நாள் அரித்தது.

"அந்தக் கருமம் வேண்டாமுங்க. மருதாணி அரச்சுத் தாரேன்."

"மருதாணி வெச்சாச் செவந்து போகும். சேவக் கொண்டையாட்டம் அவன் முன்னால போயி நிக்கச் சொல்றயா?"

மருதாணிக்குப் பிறகு அவுரிப் பொடி வைத்தால் கருக்கும் என்றாள் அம்மா. அதைத் தேடி அலைய அப்பாவுக்குப் பொறுமை இல்லை. கடைசியில் அரைத்த மருதாணியிலேயே பாக்கெட்டைக் கொட்டிக் கலப்பது என்று முடிவானது. "எலை குளிர்ச்சி. வெசத்த எடுத்துரும்" என்று அம்மாவே மனதைத் தேற்றிக்கொண்டாள். பழைய பல் பிரஷ்ஷால் பூசிவிட்டது நான். அரை மணி நேரத்தில் கழுவச் சொல்லிப் பாக்கெட்டில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். மருதாணி ஊற வேண்டாமா என்று மூன்று மணி நேரம் ஊறவைத்தார்கள்.

முடி நன்றாகவே கருத்தது. ஆனால் விடிந்தபோது அப்பாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றி புடைத்து இமைமேல் இறங்கியிருந்தது. மூச்சு இழுத்தது. முட்டை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குப் புறப்பட்ட வண்டியை அம்மா குறுக்கே நின்று மறித்தாள்.

"ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது, ஏறுங்கக்கா" என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, தலைக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

"மருதாணிதானுங்க" என்றாள் அம்மா. திட்டுவார்களே என்ற பயம் அவளுக்கு.

"வெறும் மருதாணிக்கு இப்படி வீங்காதும்மா. உண்மையச் சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்."

பூசியவன் நான் என்பதால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் அப்பாவின் மூச்சுச் சத்தம் போலீஸைவிடப் பயமாக இருந்தது.

"கருப்புப் பாக்கெட்டும் கலந்தமுங்க. நாந்தானுங்க பூசுனேன்."

ஊசிமேல் ஊசி போட்டார்கள். மதியத்துக்கு மேல் மூச்சு சீரானது. டாக்டரம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சாயம் ஏறிய முடியை ஒட்ட மழிக்கச் சொன்னார்கள். கருத்த முடியோடு வேலையும் போயிற்று என்று அப்பா நினைத்தார். அவர் வீட்டிலேயே இருப்பார் என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

வியாழக்கிழமை மேனேஜர் வந்தார். வீக்கம் அதற்குள் வடிந்திருந்தது.

"என்னங்கண்ணா, பழனிக்கா? மொட்ட போட்டதும் பத்து வயசு கொறஞ்சு போச்சே!"

"ஆமாங்க, வேண்டுதலுங்க" என்றார் அப்பா கொஞ்சமும் கூசாமல். நரையே தெரியாத தலையை மேனேஜர் சிரித்தபடி பார்த்துவிட்டு, பெயரைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த வாரம் அப்பா கிளம்பிவிட்டார்.

ஞாயிறுதோறும் அங்கிருந்து போன் வரும். சாப்பிட்டீர்களா என்று அம்மா கேட்டதே இல்லை.

"முடி வளந்துருச்சுங்களா? தலைக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்ல புள்ள, மழிச்சுட்டேன்."

அதன் பிறகும் அம்மா ஒன்றும் பேசாமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பாள். "பேசலீன்னா எனக்குக் குடு" என்று நான் பிடுங்குவேன். புருஷன் அழகில் இவளுக்கு எத்தனை அக்கறை என்று எனக்குச் சிரிப்பு வரும். இன்னொரு தடவை அந்தச் சாயம் பட்டால் தொண்டையே அடைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததை அம்மா என்னிடம் மறைத்திருந்தாள். அவள் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது, முன்பின் தெரியாத ஊரில் அப்பா விடும் மூச்சை.