பின்விளிம்பில் பட்ட பந்துகள்

1. வான் நிறைய ஆட்கள்

நிரோஷினி போட்ட முதல் பந்து பாஸ்கட்போல் ரிங்கின் பின்விளிம்பில் 'டங்' என்று பட்டு எகிறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த, அவளுடைய ஊரான பன்விலயிலிருந்து வந்த ஆட்கள் ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டினார்கள். பந்து உள்ளே போனால்தான் புள்ளி என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இவ்வளவு பக்கத்தில் போகிறதே என்ற சந்தோஷம்.

நான் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்காரி, பெயர் ரிஸானா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கண்டியில் ஒரு கம்பெனி நடத்தும் பெண்கள் பாஸ்கட்போல் அணியில் சேர்ந்தேன். சம்பளம் வாங்கி விளையாடும் பிள்ளைகள் சீசன் முடிந்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது, யார் எதில் முன்னேறியிருக்கிறாள், யார் சும்மா சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்திருக்கிறாள் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஆட்களை மதிப்பிடும் இந்த வேலைக்கு இப்போது இளம் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடியோவை நம்பாதீர்கள். ஓஃப் சீசனில் என் போனுக்கு வரும் வீடியோக்களைப் பார்த்தால் எங்கள் அணியில் ஒருத்திகூடப் பந்தைத் தவறவிட்டதே இல்லை. பின்னால் பாட்டு வேறு ஓடும். தவறிய பந்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியதே அந்த வெட்டி எறிந்த பகுதிதான். அதைக் கேட்டால் 'மிஸ்ஸுக்கு எப்பவும் கோபம்' என்கிறார்கள்.

நிரோஷினி வீடியோவே அனுப்பவில்லை. அவள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது.

முந்தின சீசனில் அவள் ஆட்டத்தைப் பற்றி எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். டிபென்ஸில் புலி. எதிரணிப் பிள்ளை எங்கே திரும்பினாலும் அங்கே இவள் நிற்பாள். ஆனால் பந்தைக் கையில் கொடுத்து 'போடு' என்றால் போச்சு. ஒன்று இடப்பக்கம் போகும், ஒன்று வலப்பக்கம் போகும், ஒன்று ரிங்கைத் தொடாமலே கீழே விழும். சீசன் முடியும்போது எங்கள் மனேஜர் சிவநேசன் சேர் அவளைக் கூப்பிட்டு நேரே சொன்னார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். சுற்றி வளைக்கத் தெரியாது.

"பிள்ளை, ஷூட்டிங்கைத் திருத்திக்கொண்டு வாரும். திருந்தாட்டி அடுத்த சீசனுக்கு நான் வேற ஆளைத்தான் பாக்க வேணும்."

அவள் 'சரிங்க சேர்' என்று மட்டும் சொன்னாள். கண்டியில் புடவைக்கடை வேலையை விட்டுவிட்டுத்தான் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒப்பந்தம் போனால் பாஸ்கட்போலும் போய்விடும். மறுபடி கடையில் சேலை மடிக்க வேண்டியதுதான். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பி வந்து அவள் சோதனைக்கு நின்ற நாள் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை. அதனால்தான் தோட்டத்திலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சோதனையை மேட்ச் என்று நினைத்து ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்வரிசையில் அவளுடைய அப்பா செல்வராஜ். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பந்து ஒவ்வொரு தடவையும் 'டங்' என்று பட்டபோது அவர் மட்டும் கை தட்டவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவநேசன் சேர் என் பக்கம் சாய்ந்தார். "டீச்சர், இதில இன்னும் பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? போன வருசமும் வெளியில, இப்பவும் வெளியில."

"சேர், போன வருஷம் நாலு பக்கமும் போன பந்து. இப்ப ஒரே இடத்துல தான் படுது. பாருங்க."

"வெளியில போனா வெளியிலதானே? எந்தப் பக்கத்தால போனது எண்டு பாத்தே புள்ளி போடுறவை?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் என் கண் என்னை விடவில்லை. கை பழகாதவளின் பந்து நினைத்த இடத்திலெல்லாம் விழும். இவளுடைய பந்துகள் வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஒரே இடத்தில், பின்விளிம்பின் நட்டநடுவில் பட்டன. கையும் ஒரே மாதிரி, முழங்காலும் ஒரே மாதிரி, மணிக்கட்டும் ஒரே மாதிரி. இன்னொன்றையும் கவனித்தேன். பந்து எகிறின கணமே அவள் பாய்ந்து போய் அதைப் பிடித்தாள். ஒன்றையும் கீழே உருள விடவில்லை. முந்தின வருஷம் இது அவளிடம் இல்லை.

"எனக்கு நாளை வரைக்கும் டைம் தாங்க சேர்" என்றேன்.

"இவளின்ர இடத்துக்குப் பாத்து வச்ச கொழும்புப் பிள்ளை ஒண்டு நாளைக்குப் பின்னேரம் மறுமொழி கேக்குது. அதுக்குள்ள சொல்லுங்கோ."

நிரோஷினி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தது வியர்வையை மட்டுமல்ல.

"எங்க புள்ள பழகின நீ?" என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்துல தாங்க மிஸ். அங்கன எல்லாம் உள்ள தான் போச்சு. சத்தியமா மிஸ்."

எல்லாரும் சொல்வதுதான். வீட்டில் எல்லாம் உள்ளே போகும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த 'டங்' சத்தம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"காலைல நான் வாரன். அந்த ரிங்க எனக்குக் காட்டு" என்றேன்.

2. பிரட்டுக்களம்

மறுநாள் காலை பன்வில பஸ்ஸில் ஏறினேன். என் மகன் "உம்மா, ஞாயித்துக்கிழமையும் விளையாட்டா?" என்று சிரித்தான். 'வேலை' என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. வளைவுக்கு வளைவு பஸ் ஏற ஏற, ஏதோ கண்டுபிடிக்கப்போகிறேன் என்ற குதூகலம்.

பஸ் நின்ற இடத்திலேயே செல்வராஜ் காத்திருந்தார். "வாங்க மிஸ், வாங்க. பாத்து வாங்க, வழுக்கும்" என்று முன்னால் நடந்தார். தோட்டத்தில் கான் வெட்டுவது அவருடைய வேலை. தேயிலைச் சரிவில் மழைநீர் நிற்காமல், மண்ணையும் அரித்துக்கொண்டு போகாமல் வழிந்தோட வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்பார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம். அதன் ஒரு ஓரத்தில் இரும்புக் கம்பம், பலகை, ரிங். பலகைக்கு நீலப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் பூவும் வரைந்திருந்தார்கள். எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஞாயிறு என்பதால் லயமே இறங்கி வந்து நின்றது.

"போடு புள்ள" என்றேன்.

போட்டாள். உள்ளே. மறுபடி போட்டாள். உள்ளே. ரிங்கைத் தொடாமலே வலைக்குள் இறங்கியது பந்து. முந்தின நாள் நான் பார்த்த அதே கை, அதே முழங்கால். ஒரே ஆள், ஒரே ஷொட். கண்டியில் வெளியே, இங்கே உள்ளே. என்ன மாயம் இது?

அப்போதுதான் பந்தைப் பார்த்தேன். வலையிலிருந்து கீழே விழுந்த பந்து தானாகவே உருண்டு அவள் காலடிக்கு வந்தது. அடுத்த பந்தும் வந்தது. அவள் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"இதென்ன புள்ள, பந்து உன்னத் தேடி வருது?"

"அது நல்லதுங்க மிஸ். உள்ள போனா தானா வந்துரும். வெளிய போனா மட்டும் ஓடிப் புடிக்கணும். இல்லாட்டி கானுக்குள்ள விழுந்து தேயிலைக்குள்ள போயிரும்."

பந்தை வாங்கினேன். கம்பத்தின் அடியில் வைத்துக் கையை எடுத்தேன். பந்து சாவகாசமாகப் புறப்பட்டு, அவள் நின்று போடும் ப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டி, களத்தின் முழு நீளமும் உருண்டு போய்க் கானுக்குள் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் செல்வராஜைப் பார்த்தேன்.

"அண்ணே, ரிங்க எப்படி அளந்தீங்க?"

"டேப்பு புடிச்சு தான் மிஸ். கம்பத்தடியில இருந்து, சட்டத்துல சொன்ன மாதிரி சரியா பத்து அடி. ஒரு நூலு கூடக் கொறய இல்ல." அவர் குரலில் பெருமை. "ஆனா மழ பேஞ்சா தண்ணி நின்னுச்சு. புள்ளைக்குப் பழக முடியல. அதுக்குப் பொறகு எல்லாரும் சேந்து மண்ண வெட்டி வாட்டம் புடிச்சோம். இப்ப எவ்வளோ பேஞ்சாலும் ஒரு சொட்டு நிக்காது."

வேறு யார் செய்திருந்தாலும் தளத்தை மட்டமாகத்தான் போட்டிருப்பார்கள். இவர்கள் கான் வெட்டும் ஆட்கள். தண்ணீர் தேங்கி நிற்பதை இவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கண் உறுத்தாதபடி, அவ்வளவு நேர்த்தியாகச் சரித்திருந்தார்கள். கம்பம் மேட்டில். நிரோஷினி நிற்கும் இடம் ஒரு சாணுக்கு மேல் பள்ளத்தில்.

"கம்பத்தடியில பத்து அடி, சரி. புள்ள நிக்கிற இடத்துல இருந்து பாத்தா?" என்றேன்.

செல்வராஜ் கம்பத்தைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் அப்படியே விழுந்துபோனது.

"அய்யய்யோ. அப்ப நாங்க தானா மிஸ் புள்ளயக் கெடுத்தோம்?"

எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் நிரோஷினி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அப்பா, நான் இவ்வளோ நாளும் ஒசந்த ரிங்குக்கா போட்டேன்? இந்த ரிங்குலயே உள்ள போவுதுன்னா எனக்கு என்னப்பா கொற? மிஸ், இப்பவே கண்டிக்குப் போவோமா?"

நான் வாய் திறப்பதற்குள் ஒருவர் வான்காரனைக் கூப்பிட ஓடினார்.

3. சத்தம் வரவில்லை

சிவநேசன் சேர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். "ஞாயிற்றுக்கிழமையும் மனிசரை நிம்மதியா விடமாட்டியள் டீச்சர்" என்றார். வானில் வந்த கூட்டத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

நிரோஷினி ப்ரீ த்ரோ கோட்டில் நின்றாள். முதல் பந்து, 'டங்'. பின்விளிம்பு. படிக்கட்டில் கை தட்டல். நான் ஏதோ சொல்லப் போனேன்.

"மிஸ், ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்" என்றாள்.

ரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பந்தைத் தரையில் தட்டினாள். உயர்ந்த ரிங்குக்குப் பழகிய வேகத்தைக் குறைக்க, முழங்காலை முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக மடித்தாள். போட்டாள். மறுபடி பின்விளிம்பு, ஆனால் இந்தத் தடவை மெல்ல உரசிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

வலை மட்டும் அசைந்தது.

படிக்கட்டில் ஒரு சத்தமும் இல்லை. 'டங்' என்று கேட்டவுடன் கை தட்டிப் பழகியவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. அடுத்த பந்தும் சத்தமில்லாமல் இறங்கியது. அதற்கடுத்ததும். செல்வராஜ்தான் முதலில் எழுந்து நின்றார். பிறகு விசிலும் கூச்சலும் கூரையைப் பிய்த்தன. ஒருவர் ரொட்டிப் பெட்டியைத் தப்பு மாதிரி அடித்தார். நானும் கத்தினேன். மதிப்பிட வந்தவள் கத்தக்கூடாது என்பது என் சொந்தச் சட்டம். அன்று அதை மறந்துவிட்டேன்.

அவள் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"காணும் பிள்ளை, போதும்" என்றார் சிவநேசன் சேர். அவள் காதில் விழவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், கொழும்புக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"இடம் இல்லண்டு சொல்லுங்க சேர்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது அவருடைய கையும் காற்றில் ஒரு ஷொட் போட்டதை நான் பார்த்தேன்.

என் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஷூட்டிங் சீராகிவிட்டது. எகிறும் பந்தைப் பிடிக்க அணியில் இவளைவிட வேகமானவள் இல்லை. அதற்கு நன்றி அந்தக் கானுக்குத்தான், அதை எழுதவில்லை. இடது கை இன்னும் மந்தம், அடுத்த ஓஃப் சீசனில் அதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். சந்தோஷத்தில் இல்லாததை எழுதினால் அந்த வெட்டிய வீடியோக்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நிரோஷினி புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வாரம் செல்வராஜ் பன்வில டவுனுக்கு வந்து எனக்குப் போன் பண்ணினார்.

"மிஸ், ரிங்க எறக்கிட்டோம். ஒரு மேசன் பாஸக் கூட்டியாந்து, டியூப்புல தண்ணி ஊத்தி மட்டம் பாத்தோம்."

"வாட்டத்தையும் எடுத்துட்டீங்களா அண்ணே?"

"அதெப்புடிங்க மிஸ் எடுக்குறது? தண்ணி நிக்குமே. ஆனா இந்தத் தடவ கம்பத்தடியில இருந்து அளக்கல. புள்ள நிக்குற எடத்துல இருந்து அளந்தோம்."

இத்தனை வருஷமாக ஆட்களை மதிப்பிட்டு நான் கற்றுக்கொண்டதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இப்போதெல்லாம் ஓஃப் சீசன் முடிந்து ஒரு பிள்ளை வந்து நின்றால், பந்தைக் கையில் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன். எங்கே நின்று பழகினாய், எனக்குக் காட்டு. கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.