பத்து விளக்கில் நான்கு

ஆர்டிஸ் ட்வெய்ட்டுக்கு அந்தக் கம்பெனியில் பதினேழு வருடம். வேலை, கம்பி இணைப்புகளுக்குப் படம் வரைவது. மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், ஒரு வெண்ணெய் ஆலையின் பின்கட்டில், ராணுவம் கழித்துப்போட்ட ரிலே சுவிட்சுகளை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து செல்மர் ஹாக்லண்ட் தானியங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்யத் தொடங்கினாரே, அந்த 1946லேயே சேர்ந்தவள். அன்றைக்குக் கம்பெனி என்பது செல்மர், அவருடைய மச்சான், ஆர்டிஸ். மச்சான் அடுத்த வசந்தத்தில் உருளைக்கிழங்கு போடப் போய்விட்டார். இப்போது நாற்பத்தொரு பேர். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களின் டெலிபோன் கூட்டுறவுச் சங்கங்கள்தான் வாடிக்கை.

செல்மர் மேதை. அதில் ஆர்டிஸுக்குச் சந்தேகமே இல்லை. தொல்லையும் அதுதான். படம் முடிந்து, இயந்திரம் தயாராகி, லாரி வாசலில் நிற்கும்போதுகூட அவருக்குக் கை சும்மா இருக்காது. கோட்டுப் பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்து, இரண்டு கம்பியைக் கழற்றி வேறிடத்தில் பற்றவைத்துவிட்டு, சீட்டி அடித்தபடி நகர்ந்துவிடுவார். யாரிடமும் சொல்ல மாட்டார். ‘என்னைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்’ என்று ஆர்டிஸ் ஒருமுறை அட்டை எழுதி மாட்டினாள். அதன் பின்புறத்தில் செல்மர் ஏதோ கணக்குப் போட்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கம்பிகளைத் தேடிப் பிடித்து, படத்தில் பழைய கோடுகளை அழித்து, புதிதாக வரைந்தாள். பதினேழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எல்ஸ்கார்ட் ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு டெலிபோன்களும் மதியம் இரண்டு மணிக்குப் புது இயந்திரத்துக்கு மாற வேண்டும். அதுவரை எங்கே தீப்பிடித்தாலும் ஆபரேட்டர் தோராதான் தீயணைக்கிற ஊர்க்காரர் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். இனி ஒரு எண்ணைச் சுழற்றினால் பத்து வீட்டிலும் ஒரே சமயத்தில் மணி அடிக்கும். இனி வேலை இல்லாத தோரா, தன் மகள் வீட்டுக்கே போகிறாள். மூன்று மணிக்கு பஸ். பெட்டி கட்டி வைத்தாயிற்று.

பன்னிரண்டு மணிக்குச் சோதனை. பத்து வீட்டுக்குப் பதிலாகப் பத்து விளக்கு.

“நாலுதான் எரியுது,” என்றான் ஃபிட்டர் வெர்லின்.

“தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு.”

படத்தை இரண்டு முறை விரலால் பின்தொடர்ந்தாள். படம் சரி. இயந்திரத்தின் பின்பக்கம் ஓர் இணைப்பு மட்டும் புதுசாகப் பளபளத்தது.

“இதை யாரு தொட்டது?”

வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தான். “செவ்வாக்கெழமை செல்மர் ஏணில நின்னுக்கிட்டிருந்தாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.”

“வெர்லின் சொல்லியிருப்பான்னு நான் நெனச்சேன்,” என்றான் பக்கத்தில் நின்ற இன்னொரு ஃபிட்டர் ஆரின்.

“அவரு கம்பெனி. நான் என்னத்தக் கேக்குறது?” என்றான் மூன்றாமவன்.

மொத்தம் ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கடைசித் துண்டு கேக்கை எடுக்கக் கூச்சப்பட்டு, பாதி பாதியாக வெட்டி, தட்டில் தூளை மட்டும் மிச்சம் வைக்கிற ஜனங்கள். கத்த வாயெடுத்தவளுக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது. வாய் திறக்காத ஆறாவது ஆள் அவள்தான்.

செல்மர் பக்கத்துச் சர்ச்சின் கீழ்த்தளத்தில், சங்க டைரக்டர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“செல்மர், எந்திரிச்சு வாங்க.”

“காபி ஆறிடும், ஆர்டிஸ்.”

“ஆறட்டும். தீ லைன்ல என்ன பண்ணினீங்க?”

மேஜையில் எல்லா முள்கரண்டிகளும் பாதியில் நின்றன.

“அதுவா? சின்ன மாத்தம். ஒரு ரிலே மிச்சமாகும்.”

“ஆறு வீட்ல மணி அடிக்காது. என்ன மாத்தினீங்கன்னு வரைஞ்சு காட்டுங்க.”

பேப்பர் நாப்கினில் மூன்று கோடு இழுத்தார். அடித்தார். மறுபடி இழுத்தார். “இல்ல, இது அந்தப் பக்கம்... ஞாபகம் வரமாட்டேங்குது.”

“அப்ப என் படத்துல இருக்கிறபடி திருப்பி வைக்கிறேன்.”

“என் வழிதான் நல்ல வழி, ஆர்டிஸ்...”

“இருக்கட்டும். ரெண்டு மணி வரைக்கும் நீங்க இயந்திரத்துக்கிட்ட வரக்கூடாது. அந்த அயர்னைக் குடுங்க.”

செல்மர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“இந்தம்மா எப்பவும் இப்படித்தானா?” என்றார் ஒரு டைரக்டர்.

“இல்ல,” என்றார் செல்மர். “இன்னைக்குத்தான்.”

ஒன்றே முக்காலுக்குப் பத்து விளக்கும் எரிந்தன. இரண்டு மணிக்கு, புது இயந்திரம் அதுவரை இயங்காதபடி தொடுமுனைகளுக்கு நடுவே செருகியிருந்த மரச்சில்லுகளை வெர்லின் கயிற்றோடு ஒரே இழுப்பில் உருவினான். முதல் எண்ணாகத் தீ எண்ணைத் தோராவே சுழற்றினாள், ஒத்திகைக்காக. ஒன்பது பேர் ஓடிவந்தார்கள். பத்தாமவர் கீழ்த்தளத்தில் கேக் தின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரி மாவுக் கையோடு வந்து அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: “வீட்ல மணி காதைக் கிழிக்குது, நீ இங்க தின்னுக்கிட்டிருக்கியா?”

தோரா பஸ்ஸைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை ஆர்டிஸின் மேஜையில் ஒரு நாப்கின் இருந்தது. அதில் செல்மரின் மாற்றம், பென்சிலில், அம்புக்குறிகளோடு. உண்மையிலேயே ஒரு ரிலே மிச்சமாகிற வழிதான். ஒரே ஒரு கம்பியைத்தான் செவ்வாய்க்கிழமை இணைக்காமல் விட்டிருந்தார். அந்த ஆறு வீடும் அதில்தான் போயிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அதை வரைய ஒரு புதுத் தாளை விரித்தாள். அயர்ன் அவளுடைய இழுப்பறையில் இருந்தது. அவர் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.