இரண்டு நகல்கள்

காலை ஏழு ஐந்துக்கு என் மனைவியின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனாள். வலது கை போகவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னாள். சொல்லாக வரவில்லை.

அது பக்கவாதம் என்று எனக்கு உடனே தெரிந்தது. முகம் கோணும், கை துவளும், பேச்சு குழறும், தாமதிக்காதீர் என்று சொல்லும் சுவரொட்டியை அப்போது வேலை பார்த்த மதுராந்தகம் தாலுகா அலுவலகப் பலகையில் ஒட்டக் குறிப்பு எழுதியவனே நான். கோப்பு எண் கூடப் போட்டேன்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டு, ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையைத் தேடினேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது. நகல் இல்லை. அசலை யாரிடமும் கொடுக்கக் கூடாது; இரண்டு நகல் வேண்டும், இரண்டிலும் கையொப்பம் வேண்டும். இணைப்பு இல்லை என்று முப்பது வருடம் மனுக்களைத் திருப்பி அனுப்பியவனுக்கு இது கூடவா தெரியாது? அவள் விரல்கள் லேசாக அசைந்ததைப் பார்த்து, தெளிந்துவருகிறது என்று எனக்கு நானே சான்றளித்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. வாசலில் நின்றேன். எட்டு மணிக்கு என் மைத்துனர் தன் வேனில் அந்த வழியாக வந்தார். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிறவர்.

"இன்னா மாமா, கடை தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து நின்னுகினு கீற?"

"அக்காவுக்குக் கை வரலை. வாய் கோணியிருக்கு. கார்டுக்கு ரெண்டு காப்பி எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

வண்டியை அணைக்காமலே இறங்கினார்.

"எப்ப வந்துச்சு?"

"ஏழு அஞ்சுக்கு."

"ஒரு மணி நேரமா வூட்ல தனியா குந்த வச்சிட்டு வந்துகீற?"

போன வருடம் அவருடைய மீன்கார நண்பருக்கு இதே நோய் வந்தபோது, புறா ரத்தம் பூசினால் சரியாகும் என்று ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனவர் இவர். அதைச் சொல்லி நான் பலமுறை சிரித்திருக்கிறேன். அன்று அவர் அதையே எடுத்தார்.

"நான் புறா வாங்கி ஒரு நாள வீணாக்கினேன், அவன் கை போச்சு. நீ ஜெராக்ஸ் எடுக்கற. ஏறு மாமா!"

அவளைத் தூக்கி வேனில் கிடத்தினோம். செங்கல்பட்டு போகும் வழியில், திருக்கழுக்குன்றத்தில் ஒரு கருங்கல் லாரி பாதையை மறித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. மைத்துனர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என் மடியில் இருந்த அவள் தலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் கோணிய பக்கமே சாய்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டை வைத்த கோப்பு என் அக்குளில் இருந்தது.

செங்கல்பட்டில் இறங்கும்போது மணி ஒன்பது. இளம் மருத்துவர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"ஏழு மணிக்கு. ஏழு அஞ்சுக்கு டம்ளர் விழுந்தது."

எழுதிக்கொண்டார். "நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போடலாம். சீக்கிரம் போட்டா நல்லது. எங்கிருந்து வரீங்க?"

மாமல்லபுரத்துக்குப் பக்கத்து ஊர் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ்ளோ தூரம் இல்லியே?"

பொய் சொல்லியிருக்கலாம். "நகல் எடுக்கப் போனேன்" என்றேன். அவர் அவளை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

பத்து மணிக்குள் ஊசி போட்டார்கள். அட்டையை யாரும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் ஒரு எழுத்தர் வந்து கேட்டார். அசலை வாங்கி, அவரே நகல் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தால்தானா என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது சார் என்றார். நல்ல மனிதர்.

வாரம் இரண்டு முறை கைப் பயிற்சிக்கு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். மைத்துனர் வேனில் ஹாரன் அடிப்பார். நான் செருப்பு மாட்டச் சற்றுத் தாமதித்தால், அவள் வீட்டுக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்பாள்: "இன்னாங்க, ஜெராக்ஸ் எடுத்தாச்சா?"

வேனில் அவர் சிரிப்பது எனக்குக் கேட்கும். ஒரு செருப்போடு போய் ஏறிக்கொள்கிறேன். இன்னொன்றை அவள்தான் இடது கையில் எடுத்து வருகிறாள்.