ஏற்றத்தில் ஓடிப்போகும் காற்று

காத்துக்காரர் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டிவிடுவார்கள். கார்களுக்கு ஏ.சி. பார்ப்பவர். கை சுத்தம், வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அவசரக்குடுக்கை. கோளாறைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். மற்ற பட்டறைகளில் எதையும் பார்க்காமலே 'கேஸ் இல்லை' என்று குளிர்வாயுவை ஏற்றி அனுப்பிவிடுவார்கள், இவர் அப்படிச் செய்ததே இல்லை. அந்த நேர்மைதான் ஒருமுறை அவரை நன்றாகக் கவிழ்த்தது.

ஒரு தையல்காரர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். கூடவே அவர் மனைவி. அந்தம்மாவுக்குச் சிறுநீரகம் சரியில்லை. வாரம் மூன்று நாள் மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வெக்கை பட்டால் குமட்டும்.

"மேடு ஏறும்போது மூஞ்சிக்கு வர்ற காத்து நின்னுடுது தம்பி. இறங்கும்போது வருது" என்றார் அந்தம்மா.

காத்துக்காரர் இன்ஜினை ஓடவிட்டு, காற்று வரும் வாயில் வெப்பமானியைச் செருகினார். குளிர் கனகச்சிதம். அரைமணி நேரம் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் வந்தார்கள், அதே கதை. அப்போதுதான் அந்த வாய் சும்மா இருக்காமல், "வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்று சொல்லிவைத்தது. தையல்காரரும் தலையாட்டினார். ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்து ரோட்டையே பார்த்து ஓட்டுகிறவருக்கு, பக்கத்து சீட்டில் காற்று வந்தால் என்ன, போனால் என்ன?

மூன்றாம் முறை அந்தம்மா வாயே திறக்கவில்லை. தையல்காரர்தான், "ஒரு தடவை பார்த்துடுங்க தம்பி, இவ மனசு ஆறட்டும்" என்றார். காத்துக்காரர் மறுபடியும் வெப்பமானியை எடுத்தார். உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க மேடு ஏறும்போதுன்னு சொல்றாங்க. நம்ம பட்டறையில ஏதுங்க மேடு? தரையில நிறுத்தி வெச்சு எத்தனை தரம்தான் பார்ப்பீங்க?"

காத்துக்காரருக்குச் சுருக்கென்றது. தையல்காரரை ஆஸ்பத்திரி மேட்டுக்கு ஓட்டச் சொல்லிப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சமதளத்தில் காற்று ஜோராக வந்தது. மேடு தொடங்கியது. தையல்காரர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. காத்துக்காரர் முன்னால் எக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். காற்று மெலிந்தது, நின்றே போனது. இன்னும் எக்கி முன்கண்ணாடியின் அடியில் கையை வைத்தார். அங்கே ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

அவருக்கு விஷயம் பிடிபட்டது. அந்த மாதிரிப் பழைய வண்டியில் காற்றுக்கு வழிவிடும் கதவுகளை இழுத்துப் பிடிப்பது இன்ஜினின் உறிஞ்சல்தான். மேட்டில் இன்ஜின் திணறும்போது உறிஞ்சல் குறையும். அதைச் சமாளிக்கக் கொஞ்சம் சேமித்துவைக்க ஒரு சின்ன டப்பா உண்டு. அதுவோ அதன் குழாயோ ஒழுகினால் கதவு விட்டுவிடும், காற்று கண்ணாடிப் பக்கம் போய்விடும். இது அவருக்குத் தெரியாத சங்கதியா? தெரிந்திருந்தும் தோணவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பியதும் கைப்பம்பை மாட்டி உறிஞ்சினார். பம்பின் அளவுமானியில் முள் ஏறியது, நிற்காமல் இறங்கியது. குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நெரித்தார். பேட்டரிக்கு அடியில் போகும் குழாயை நெரித்ததும் முள் அப்படியே நின்றது. டப்பாவில் சொருகும் முனையில் மயிரிழை வெடிப்பு. விரல் நீளம்கூட இல்லாத ரப்பர் துண்டு ஒரு மனுஷியைப் பொய்யாக்கிவிட்டதே என்று நினைத்தார். பொய்யாக்கியது ரப்பர் மட்டும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

புதுக் குழாய் போட்டு மறுபடி மேடு ஏறினார்கள். காற்று முகத்தைவிட்டு நகரவில்லை. உச்சியில் வண்டி நின்றதும் காத்துக்காரர், "அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றார்.

"நீங்க சொன்னதுகூடப் பரவாயில்லப்பா. அதுக்கப்புறம் இவரும் நம்பல" என்றார் அந்தம்மா. "கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சோன்னு."

தையல்காரர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "இனிமே நீ சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படின்னா சொல்றேன். குளிருது."

அப்படி ஒன்றும் குளிரவில்லை. பின் சீட்டில் காத்துக்காரருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். தையல்காரர் கையை நீட்டி எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. சட்டென்று ஏ.சி.யைக் குறைத்தார்.